மூன்று மணி நேரம் தாங்குமா சிலிண்டர்?

குக்கரை அடுப்பில் ஏற்றியதும் விசில் வந்துவிடாது. முதலில் அடிப்பாகம் சுடும், பிறகு தண்ணீர் சுடும், அழுத்தம் கடைசியில்தான் ஏறும். அடுப்பை அணைத்த பிறகும் மூடியைத் திறக்கப் பொறுத்திருக்க வேண்டும். தீ, பாத்திரம், உள்ளே இருப்பது என ஒவ்வொன்றும் தன் வேகத்தில்தான் சூடேறி ஆறுகிறது. விமானத்தில் ஏற்றும் ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பொறியாளர்கள் போடும் வெப்பக் கணக்கும் இந்த வேகங்களைப் பற்றியதே.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்திலுள்ள மண்ணூர் வட்டாரத்துக்கு இது தூரத்து விஷயமல்ல. ஸ்ரீபெரும்புதூரில் ஆக்சிஜன் ஆலை இருப்பதை 2021 ஏப்ரலில், கரோனா இரண்டாம் அலையின்போது, தமிழகமே அறிந்தது. அங்கிருந்து ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் திரவ ஆக்சிஜனைத் திருப்பிவிட வேண்டாமென்று அப்போதைய முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பக்கத்திலேயே வல்லம் வடகாலில் விமானத் தொழிலுக்கென்று சிப்காட் பூங்கா இருக்கிறது.

இந்தக் கணக்கு அவசியமானதற்குப் பின்னால் ஒரு துயரம் உண்டு. 1996 மே 11 அன்று வேல்யுஜெட் 592 விமானம் புளோரிடாவின் சதுப்புநிலத்தில் விழுந்து 110 பேர் இறந்தார்கள். சரக்கறையில் இருந்தவை சிலிண்டர்கள் அல்ல, ரசாயன முறையில் ஆக்சிஜன் தரும் கருவிகள். ஆனால் சரக்கறைத் தீக்கு ஆக்சிஜன் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அது காட்டிவிட்டது. அமெரிக்கா 2007-இல் கொண்டுவந்த விதிப்படி, விமானத்தில் சரக்காகப் போகும் ஆக்சிஜன் சிலிண்டரை ஒரு காப்புப் பெட்டியில் வைக்க வேண்டும். வெளியே 205 டிகிரி செல்சியஸ் வெப்பம் 3 மணி நேரம் நீடித்தாலும் சிலிண்டர் 93 டிகிரியைத் தொடக்கூடாது. ஹாலான் வாயு பீய்ச்சி அடக்கிய தீயிலும் அந்த அளவு சூடு மிஞ்சும். அந்நிலையில் விமானம் வேறொரு நிலையத்துக்குத் திரும்பி இறங்க அவகாசம் வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? குக்கரில் தண்ணீர் இருக்கிறது. எவ்வளவு எரித்தாலும் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், வெயிட் எழும்பி ஆவியை விடும், உள்ளே சூடு 120 டிகிரி அளவில் நின்றுவிடும். ஆக்சிஜன் சிலிண்டரில் வாயு மட்டும்தான். சூட்டை வாங்கிக்கொண்டு நிலையாக நிற்க அங்கே எதுவும் இல்லை. வெப்பம் ஏற ஏற அழுத்தமும் கூடவே ஏறும்: 21 டிகிரியில் 128 பார் என்றால் 93-இல் ஏறக்குறைய 159, 205-இல் 208. மேலும், அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து வாயுவை விடும் பாதுகாப்புத் தகடு சிலிண்டரில் உண்டு, அது ஒருமுறை கிழிந்தால் மறுபடி மூடாது. உள்ளிருக்கும் ஆக்சிஜன் முழுவதும் தீயின் வாயில்தான் போகும். சமையலறையில் நம்மைக் காப்பாற்றும் அந்தத் திறப்பு, இங்கே தீயை வளர்த்துவிடும்.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 கிலோ எஃகுச் சிலிண்டரில் 4 கிலோ ஆக்சிஜன். இரண்டையும் சேர்த்து ஒரு டிகிரி சூடாக்க சுமார் 10 கிலோஜூல் வேண்டும், அதில் முக்கால் பங்கு எஃகுக்கு. ஒவ்வொரு நொடியும் எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது, அதனால் எத்தனை டிகிரி ஏறும், அந்தப் புதிய சூட்டில் அடுத்த நொடி எவ்வளவு வரும் என்று கணினி படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும். சிலிண்டர் சூடாகச் சூடாக வெளிக்கும் உள்ளுக்கும் வித்தியாசம் குறைவதால் ஏற்றமும் தளரும். அதனால்தான் இதை ஒரே பெருக்கலில் முடிக்க முடியாது.

வெளியே அதே 205 டிகிரி இருக்க, பெட்டியே இல்லாவிட்டால், 21 டிகிரியில் தொடங்கும் சிலிண்டர் கால் மணி நேரத்துக்குள் 93-ஐத் தொட்டுவிடும். நல்ல காப்புப்பொருளைச் சுற்றிலும் 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வைத்தால் 3 மணி நேரம் கிடைக்கும். உண்மையான வடிவமைப்பில் இன்னும் நுணுக்கங்கள் உண்டு: சூட்டில் காப்புப்பொருளின் தரம் குறையும், வால்வுப் பக்கம் வெப்பம் எளிதாக நுழையும், உள்ளே சூடான வாயு மேலே தேங்கும். எனவே சிலிண்டரின் பல இடங்களில் வெப்ப உணரிகளை ஒட்டி, பெட்டியை உண்மையிலேயே உலையில் வைத்துப் பார்த்துத்தான் கணக்கை ஏற்கவேண்டும்.

நம் ஊர் வெயிலையும் இதில் சேர்த்தாக வேண்டும். மே மாத நண்பகலில் லாரியில் 40 டிகிரிக்குச் சூடான சிலிண்டரை அதே பெட்டியில் வைத்தால் 3 மணி நேரம் தாங்காது, சுமார் 2 மணி 20 நிமிடத்தில் 93 வந்துவிடும். பறக்கும் விமானத்தில் அந்த 40 நிமிடம் பெரிய நேரம். அதை மீட்கக் காப்பை 7 சென்டிமீட்டர் அளவுக்குத் தடிமனாக்கலாம், அப்போது பெட்டி பெரிதாகும், எடையும் கூடும். அல்லது விமானத்தில் ஏற்றும்வரை சிலிண்டரை நிழலில் வைத்து ஆறவிடலாம், அதற்குச் செலவே இல்லை.