உடுத்தினால் கோட்டு, தோளில் போட்டால் பை

டெட்ராய்ட்டில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 7 டிகிரிக்கு இறங்குவது வாடிக்கை. அந்த அமெரிக்க நகரத்தில் 2010-இல் வெரோனிகா ஸ்காட் என்ற வடிவமைப்பு மாணவி, கல்லூரிப் பாடத்தின் ஒரு பகுதியாக வீடில்லாதவர்களுக்கென்று ஒரு கோட்டு செய்தார். பகலில் மாட்டிக்கொள்ளலாம். இரவில் உள்ளே மடித்து வைத்திருக்கும் கீழ்ப்பாகத்தை விரித்தால் கால்வரை மூடும் தூக்கப்பை. குளிர் போனதும் அதையே மடித்துத் தோளில் மாட்டும் பையாக்கிவிடலாம்.

முதல் இரண்டும் யாருக்கும் தோன்றக்கூடியவைதான். மூன்றாவதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அலமாரி இல்லாதவருக்கு வெயில் காலத்தில் கோட்டு வெறும் சுமை. வைக்க இடமில்லாமல் ஏப்ரலில் எங்கோ விட்டுவிட்டு, நவம்பரில் மறுபடி இன்னொன்றுக்குக் கையேந்த வேண்டும். பையாகிவிட்ட கோட்டை அப்படி விட்டுவிட மனம் வராது. காப்பகத்தில் ஒரு பெண், எங்களுக்குத் தேவை கோட்டு அல்ல, வேலை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன பிறகு, அங்கே தங்கியிருந்தவர்களையே தையலுக்கு அமர்த்தி ‘எம்பவர்மென்ட் பிளான்’ என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார் ஸ்காட்.

கோட்டின் உள்ளே வைத்த பஞ்சு வந்த இடம் இன்னும் சுவாரசியம். கார் கதவுகளுக்குள் இரைச்சலை அடக்க வைக்கும் நார்த் தகட்டை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்தது. இரைச்சலை அடக்கும் சரக்கு குளிரை எப்படி அடக்கும்? இரண்டிலும் பெரும்பங்கு, நார்களின் இடுக்கில் சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுக்குத்தான். ஒலி அந்த இடுக்குகளில் உரசி உரசி ஆற்றலை இழக்கிறது. உடம்பின் சூடோ, நின்ற காற்றைக் கடந்து வெளியேற முடியாமல் திணறுகிறது. நின்ற காற்று அவ்வளவு மோசமான வெப்பக் கடத்தி.

கோட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று என்றால், பையாக மடிக்கும்போது அந்தக் காற்றை வெளியே அனுப்பிவிடலாம். மலையேறுபவர்கள் போடும் தூவி ஜாக்கெட்டின் ரகசியமும் இதுவே. வாத்தின் மார்பில், வெளி இறகுகளுக்கு அடியில் மெத்தென்று இருக்குமே, அந்தத் தூவியில் உயர்ந்த ரகம் 28 கிராம் எடுத்தால் உப்பிப்போய் 13 லிட்டர் இடத்தை அடைக்கும். அழுத்தினால் ஒரு கைப்பிடி. தூவியின் கிளைகள் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை, சுருள்வில்போல மீண்டு எழக்கூடியவை. அதனால்தான் அந்த ஜாக்கெட்டைத் தண்ணீர் பாட்டில் அளவுள்ள பைக்குள் திணித்து, நாலு நாள் கழித்து எடுத்து உதறினால் மறுபடி பொங்குகிறது. ஆனால் மாதக்கணக்கில் திணித்தே வைத்தால் அந்தத் துள்ளல் குறையும். நனைந்தாலோ தூவிகள் ஒன்றோடொன்று ஒட்டி, காற்றைப் பிடிக்கும் வேலையையே மறந்துவிடும்.

உள்ளிருப்பது சுருங்கினால் மட்டும் போதாது, மேல்துணியும் மெலிந்திருக்க வேண்டும். அதற்கு வழி செய்தது நைலான். வாலஸ் கரோதர்ஸ் தலைமையில் டூபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் 1935-இல் உருவான இழை. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டுக்குப் போய், பிறகு மழைக்கோட்டுக்கு வந்தது. இழையின் தடிமனை டெனியர் என்ற அளவில் சொல்வார்கள். 9 கிலோமீட்டர் நீள இழை எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். திருப்பூரில் டீ-சர்ட்டுக்கு ஓட்டும் 30-ஆம் நம்பர் பருத்தி நூல், டெனியர் கணக்கில் சுமார் 177. மெல்லிய ஜாக்கெட்டுக்கான நைலான் நூல் 20. இத்தனை மெலிந்த நூலில் நெய்த துணியைப் பத்துப் பன்னிரண்டு மடிப்பு மடித்தாலும் உள்ளங்கைக்குள் அடங்கும்.

1965-இல் பாரிஸில் லெயோன்-குளோத் துயமெல் கொண்டுவந்த ‘கே-வே’ மழைக்கோட்டு அடங்கியது அதன் சொந்தப் பாக்கெட்டுக்குள்ளேயே. பாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பி, கோட்டு முழுவதையும் அதற்குள் தள்ளி, ஜிப்பை இழுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு போகலாம். பருத்தியில் இதைச் செய்திருந்தால் விற்றிருக்காது. பருத்தி, காற்றில் இருந்தே தன் எடையில் 8 சதவிகிதம் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் செல்லுலோஸ் சங்கிலிகளுக்கு இடையிலான பிணைப்புகளைத் தளர்த்தி, மடிந்த நிலையிலேயே மறுபடி பிணைய விடுகிறது. துணி கசங்குவது என்றால் இதுதான். நைலான் குடிக்கும் ஈரம் அதில் ஏறத்தாழப் பாதி.

ஆனால் இந்தப் பைகள் சுமப்பது தம்மைத்தாமே. இரண்டு கிலோ தக்காளி வாங்கி அதில் போடலாமா என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. உடையாக இருக்கும் துணி இழுத்தால் நெகிழ வேண்டும், காற்றுப் போக வேண்டும், தோலில் உறுத்தக் கூடாது. பையாகும் துணி நெகிழக் கூடாது, எடையை இம்மி பிசகாமல் தாங்க வேண்டும். ஒரே துணியிடம் இரண்டையும் எதிர்பார்த்தால் எங்கோ ஒரு பக்கம் இடிக்கும்.

பழைய டீ-சர்ட்டைப் பையாக்கிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கையையும் கழுத்தையும் வெட்டிவிட்டு அடிப்பக்கத்தை மூடினால் பை தயார். கடையில் தரும் பிளாஸ்டிக் கேரி பேக்கும் அதே கையில்லாத பனியன் வடிவம்தான். ஸ்வீடனின் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தில் ஸ்டென் குஸ்டாஃப் துலின் வடிவமைத்த அந்தப் பைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது, கே-வே பிறந்த அதே 1965-இல். ஆக, பிளாஸ்டிக்கைத் துரத்த வந்த டீ-சர்ட் பை, பிளாஸ்டிக்கின் அச்சிலேயே நிற்கிறது.

வடிவம் ஒன்றானாலும் டீ-சர்ட் நெய்த துணி இல்லை, பின்னிய துணி. அதற்குள் நூல் நேராக ஓடுவதே கிடையாது. வளையத்துக்குள் வளையம் மாட்டி வளைந்து வளைந்து போகிறது. எடை ஏறினால் முதலில் நூல் தாங்குவதில்லை, வளையங்கள் நிமிர்ந்து கொடுக்கின்றன. தோளில் மாட்டிய பை முழங்கால்வரை தொங்குவது அதனால்தான். இன்னொரு தொல்லையும் உண்டு. டீ-சர்ட்டில் ஒரு துண்டை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். வெட்டிய இரண்டு விளிம்பும் பின்பக்கமாகச் சுருண்டு, பட்டை கயிறாகிவிடும். வளையங்களுக்குள் வளைத்து அடக்கி வைத்த நூல், விளிம்பில் விடுதலை கிடைத்ததும் நிமிரப் பார்ப்பதன் விளைவு அது. 5 சென்டிமீட்டர் பட்டை 1 சென்டிமீட்டர் கயிறாகச் சுருண்டால் தோளில் விழும் அழுத்தம் ஐந்து மடங்கு. எனவே தோள்பட்டைத் தையலை மட்டும் வெட்டிவிடாதீர்கள். சட்டை தொங்குவதே அந்த இடத்தில் என்பதால், பல டீ-சர்ட்டுகளில் உள்ளே ஒரு நாடா வைத்து அங்கே தைத்திருப்பார்கள்.

பை கிழிவது நடுவில் அல்ல, மூலையில். நேவாடா மாநிலத்தின் ரெனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரருக்கு இது அனுபவப் பாடம். உழைப்பாளிகள் கால்சட்டைப் பாக்கெட்டில் கண்டதையும் திணிக்க, மூலைத் தையல் விட்டுக்கொண்டே இருந்தது. அங்கே செப்பு ரிவெட் அடித்துப் பார்த்தார், நின்றது. 1873 மே 20 அன்று லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஜீன்ஸில் இன்றும் மின்னும் அந்தப் பொட்டு, ஓர் உடையைச் சுமைப்பையாகப் பயன்படுத்தியவர்களால் வந்தது.

என் அபிப்பிராயத்தில் இந்தப் போட்டியில் ஜெயித்தவை தைத்த உடைகளே அல்ல. கத்தரி படாத நீளத் துணி எந்த வடிவத்துக்கும் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் எதுவாகவும் ஆகலாம். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் 16-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஆண்கள் உடுத்திய பெரிய கம்பளித் துணி அப்படிப்பட்டது. இடுப்பில் கச்சை கட்டியதும் கீழ்ப்பாதி பாவாடை. மேல்பாதி மழைக்கு முக்காடு, வெயிலில் இடுப்பில் செருகிய பொதி, ராத்திரியில் போர்வை. 1745-இல் எழுந்த கிளர்ச்சி தோற்றதும், இந்த உடையைத் தடை செய்ய பிரிட்டிஷ் அரசு 1746-இல் சட்டமே போட்டது. 1782 வரை அது நீடித்தது.

பூட்டானில் ஆண்கள் அணியும் ‘கோ’ தைத்த அங்கிதான், ஆனால் ஆளைவிட நீளமாகத் தைத்தது. அதை முழங்கால்வரை தூக்கி ‘கேரா’ என்ற கச்சையால் இறுக்கினால், மிஞ்சிய துணி வயிற்றுக்கு மேல் பெரிய பையாகத் தளர்ந்து நிற்கும். கிண்ணம், கத்தி, வெற்றிலை பாக்கு எல்லாம் அதற்குள் போனது.

நம் ஊரில் பருத்தி எடுக்கும் பெண்கள் சேலையில் மடி கட்டிக்கொள்வதும் இதே கணக்கு. வெடித்த பருத்திக்கு எடை குறைவு, கொள்ளளவு அதிகம். மடி இடுப்பில், உடம்பின் புவியீர்ப்பு மையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் குனிந்து நிமிரும்போது ஆளைச் சாய்க்காது. இரண்டு கையும் செடிக்குக் கிடைக்கிறது.

இங்கே ஊக்கும் இல்லை, பொத்தானும் இல்லை. பிடித்து வைத்திருப்பது உராய்வு ஒன்றே. ஒரு பொருளைச் சுற்றிய துணியோ கயிறோ நழுவாமல் இருக்க, ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வின் பிடி கூடுவதில்லை, பெருகுகிறது. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றில் பிடி 6.6 மடங்கு. இரண்டு சுற்றில் 43 மடங்கு. மூன்றில் ஏறத்தாழ 285. பாட்டிமார் முந்தியில் முடிந்த காசு, பஸ் நெரிசலிலும் விழாததற்குக் காரணம் இந்தப் பெருக்கம். பருத்தித் துணி நனைந்தால் உராய்வு இன்னும் கூடும், இழையின் வலுவும் கூடும். பட்டும் நைலானும் வழவழப்பானவை, முடிச்சு நெகிழும். ரேயான்தான் மோசம், நனைந்ததும் தன் வலுவில் பாதியை இழக்கும்.

தோள் துண்டை எடுத்து நீளவாக்கில் இழுத்தால் அசையாது. மூலைக்கு மூலை இழுத்தால் நெகிழும். பாவும் ஊடும் சந்திக்கும் இடங்களில் நூல் நீளவில்லை, கோணம் மாறித் திரும்புகிறது, அவ்வளவே. அதனால்தான் துண்டின் எதிரெதிர் மூலைகளை முடிந்து கட்டிய மூட்டை, உள்ளே இருப்பது பூசணியானாலும் புத்தகமானாலும் அதன் வடிவத்துக்கு ஒட்டிக்கொள்கிறது. ஜப்பானியர்களின் ஃபுரோஷிகி கட்டுகள் பலவும் இந்த மூலைவாட்டு நெகிழ்வை நம்பியவைதான்.

இதில் சுற்றுச்சூழல் லாபம் எவ்வளவு? தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. நல்லதுதான். ஆனால் புதிதாகத் தைத்த பருத்திப் பைக்கு ஒரு விலை உண்டு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் போட்ட கணக்குப்படி, ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் தேவலை என்று பெயர் வாங்க, பருத்திப் பை 131 முறை கடைக்குப் போய்வர வேண்டும். டென்மார்க்கின் 2018 ஆய்வு, தட்பவெப்ப விளைவை மட்டும் பார்த்தால் 52 முறை போதும் என்றது. ஓசோன் பாதிப்பு உட்பட எல்லா அளவுகோலையும் சேர்த்தபோது 7,100 முறை என்றது. சாக்கடையை அடைத்துக்கொண்டும் மாட்டின் வயிற்றில் தங்கியும் பிளாஸ்டிக் செய்யும் கேடு டென்மார்க்கின் கணக்கில் சேரவில்லை. ஆகவே இதைக் காட்டிப் பிளாஸ்டிக்குக்கு வக்காலத்து வாங்க முடியாது. புதுத் துணி இலவசமில்லை என்பதற்கு மட்டுமே இது சாட்சி.

ஏற்கெனவே உடுத்திக் களைத்த துணி பையாகும்போது இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. 250 கிராம் டீ-சர்ட் ஒன்றுக்கு உலகச் சராசரியில் ஏறத்தாழ 2,500 லிட்டர் தண்ணீர் செலவு. அந்தச் செலவு சட்டையின் கணக்கில் எழுதி முடிந்தாயிற்று. பைக்கு மிஞ்சுவது தைக்கும் நூலும் அரைமணி நேர வேலையும்தான்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் டீ-சர்ட்டைவிட நெய்த பருத்திச் சட்டையை எடுங்கள். அடிவிளிம்பை இரட்டைத் தையலாகப் போடுங்கள், மூலைகளில் மேலும் கீழும் நாலு தடவை ஓட்டுங்கள். அரிசி பருப்பென்று கனமானதற்கு டீ-சர்ட் பை வேண்டாம், கீரைக்கும் பழத்துக்கும் போதும். ரேயான் சட்டையை மழைக்காலத்தில் நம்பாதீர்கள். கல்யாணத்தில் தாம்பூலப் பைக்கென்று புதுத் துணி வெட்டப் போகிறவர்கள், வருகிற விருந்தினர் வீட்டில் ஏற்கெனவே எத்தனை பை சும்மா கிடக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.