இதயத்தின் தோழன் நம்ம ஊர்க் கடலை!

குட்டீஸ்! தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தச் செடியை அறிமுகப்படுத்தவே வேண்டாம். ஆடி மாதம் மழை விழுந்ததும் செம்மண் கொல்லையில் விதைப்பார்கள். மஞ்சள் பூ பூக்கும். பூ வாடிய பிறகு அதிலிருந்து ஒரு விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனியில் காய் வைக்கும். ஆமாம், நிலக்கடலையேதான்!

வேர்க்கடலை என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அது வேரில் காய்ப்பதில்லை. மணிலாக்கொட்டை என்றும் சொல்கிறோம். ஆனால், அதன் பூர்வீகம் மணிலா அல்ல, தென் அமெரிக்கா! பாதாம், முந்திரியோடு சேர்த்துக் கொட்டை வகை என்கிறோம். உண்மையில் துவரை, உளுந்து, மொச்சை எல்லாம்தான் அதற்குச் சொந்தக்காரர்கள்.

சரி, 'கடலையில் எண்ணெய் அதிகம், நெஞ்சுக்கு ஆகாது' என்று வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அது உண்மையா என்று பார்ப்போமா?

எண்ணெய் இருக்கு... ஆனால்?

ஒரு கடலைப் பருப்பை நசுக்கி, வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். தாளில் எண்ணெய்க் கறை படியும். கடலையின் எடையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தான்.

நம் இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. உடம்பு முழுக்க ரத்தம் அனுப்பும் இதயத்துக்கும் ரத்தம் வேண்டுமே! அதைக் கொண்டுவர மெல்லிய ரத்தக் குழாய்கள் உள்ளன. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் கூடினால், அந்தக் குழாய்களின் சுவரில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் படியும். குழாய் குறுகும். ஒருநாள் அங்கே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அதுதான் மாரடைப்பு. இந்தப் படிவு சின்ன வயதிலேயே தொடங்கிவிடக்கூடும் என்பதுதான் கவலையான செய்தி.

ஆனால், எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. நெய், வனஸ்பதியில் உள்ள கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும். கடலையில் இருப்பதில் பெரும்பகுதி வேறு வகை. நெய், வனஸ்பதிக்குப் பதிலாக அதைச் சாப்பிட்டால் கெட்ட கொலஸ்ட்ரால் குறையும். கடலையில் உள்ள நார்ச்சத்தும் அதற்குக் கைகொடுக்கிறது.

எண்ணிப் பார்த்த விஞ்ஞானிகள்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சுமார் 31 ஆயிரம் பேரின் சாப்பாட்டுப் பழக்கத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். முடிவு 1992-ல் வெளியானது. வாரத்தில் நாலு தடவைக்கு மேல் கொட்டை வகைகள் சாப்பிட்டவர்களுக்கு, எப்போதாவது சாப்பிட்டவர்களைவிட இதய நோய் ஏறக்குறைய பாதிதான் வந்திருந்தது!

உடனே ஒரு சந்தேகம் எழுந்தது. கொட்டை சாப்பிடுகிறவர்கள் உடற்பயிற்சியும் செய்கிறவர்களாக இருக்கலாமே? நன்மை எதனால் வந்தது?

அதற்கு ஸ்பெயின் நாட்டில் ஒரு சோதனை நடந்தது. 55 வயதைத் தாண்டிய, இதய நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிரித்தார்கள். ஒரு குழு காய்கறி, பழம், மீன் நிறைந்த சாப்பாட்டோடு தினமும் 30 கிராம் கொட்டை வகைகள் சாப்பிட்டது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 'கொழுப்பைக் குறையுங்கள்' என்று மட்டும் அறிவுரை பெற்ற குழுவோடு ஒப்பிட்டார்கள். கொட்டை சாப்பிட்ட குழுவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மொத்தத்தில் கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தன. 2013-ல் வெளியான இந்த ஆய்வில் ஆட்களைக் குழு பிரித்ததில் சில குறைகள் தெரியவந்தன. 2018-ல் மறுபடியும் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை.

'அது வால்நட், பாதாம் எல்லாம் ஆச்சே, விலை அதிகமாச்சே' என்கிறீர்களா? இதையும் கேளுங்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் வாழும் ஏழை மக்களையும், சீனாவின் ஷாங்காய் நகர மக்களையும் கவனித்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஷாங்காயில் கணக்கெடுத்தது நிலக்கடலையை மட்டும்தான்! அங்கும் அதிகம் சாப்பிட்டவர்களிடையே இதய நோய் மரணங்கள் குறைவாக இருந்தன. பாதாம் வாங்க முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டியதில்லை!

எவ்வளவு? எப்படி?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்னக் கைப்பிடி, அதாவது சுமார் 30 கிராம் போதும். அதிலேயே ஏழு கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கும். உங்களுக்கு அதைவிடக் குறைவாகவே போதும். அளவு மீறினால் உடல் எடை கூடும். வேகவைத்ததோ, உப்பில்லாமல் வறுத்ததோ நல்லது. பாக்கெட்டில் வரும் உப்புக் கடலை, மசாலாக் கடலையில் உப்பு அதிகம். உப்பு கூடினால் ரத்த அழுத்தமும் கூடும்.

கடலை மருந்து அல்ல, குட்டீஸ். தாத்தாவுக்கு இதய நோய் இருந்தால் டாக்டர் தரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஓடியாடி விளையாடுவதும், புகையிலைப் பக்கமே போகாததும் இதயத்துக்கு ரொம்ப முக்கியம்.

ஜாக்கிரதை!

* பூஞ்சணம் பிடித்த, நிறம் மாறிய, கசக்கும் கடலையைத் துப்பிவிடுங்கள். அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம், தீவனத்தில் கலந்த பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு!
* ஐந்து வயதுக்கு உட்பட்ட தம்பி, தங்கைகளுக்கு முழுக் கடலை தராதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.
* கடலை தின்றதும் உதடு வீங்குவது, மூச்சுத் திணறுவது போன்றவை ஒவ்வாமையின் அறிகுறி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கொல்லையில் விளைந்த கடலையை எல்லாம் மூட்டை கட்டி மண்டிக்கு அனுப்பிவிட்டு, அந்தக் காசில் சிப்ஸ் பாக்கெட் வாங்கித் தின்பது நியாயமா? இந்த முறை கடலை பிடுங்கும்போது, நன்றாகக் காய்ந்த நாலு படியை வீட்டுக்கென்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள். செய்வீர்கள்தானே?