பழைய பைக் ஆயில் குடிக்குதா? பெட்ரோலை மாத்தினா நிக்காது! வீட்டிலேயே கண்டுபிடிக்க எளிய வழி

சென்னை:

பத்து, பதினைந்து வருஷம் ஓடிய பைக், மொபட், ஆட்டோ வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. "மைலேஜ் குறைஞ்சு போச்சு, ஆயில் சீக்கிரம் காலியாகுது, பின்னாடி புகை வருது."

எல்லாத்துக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று நினைத்து, பங்க்கில் விலை கூடுதலான பெட்ரோலுக்கு மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் காசு போகிறது. ஆனால் புகை மட்டும் நிற்பதில்லை.

மைலேஜ் குறைவது ஒரு பிரச்சினை. ஆயில் குறைவது வேறு பிரச்சினை. இரண்டையும் போட்டு குழப்பிக்கொண்டால், கடைசியில் நடுரோட்டில் என்ஜின் சீஸ் ஆகி நிற்கும். வண்டியை வைத்து பிழைப்பவர்களுக்கு அன்றைய கூலியும் போய், என்ஜின் வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவும் வந்து சேரும்.

எத்தனால் என்ன செய்யும்?

பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலப்பது என்ற இலக்கு நாடு முழுவதும் 2022 ஜூனில் எட்டப்பட்டது. 20 சதவீதம் கலந்த 'இ-20' பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2025-ல் அதுவே எல்லா இடத்திலும் சாதாரண பெட்ரோலாகி விட்டது.

ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதை விட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். 10 சதவீத கலப்புக்கு ஏற்ப அமைக்கப்பட்ட பழைய டூவீலர்களில் 3 முதல் 4 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே சொல்கிறது.

கணக்கு போட்டு பாருங்க. லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் கொடுத்த வண்டி 48 கொடுக்கும். தினமும் 80 கிலோ மீட்டர் ஓடுகிறவருக்கு, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு கூடுதல் செலவு 7 ரூபாய்க்குள். மாதம் 26 நாள் ஓட்டினால் சுமார் 175 ரூபாய்.

இதற்கு மேல் மைலேஜ் விழுந்தால், 50 கொடுத்த வண்டி 38 கொடுத்தால், அது எத்தனால் பண்ணிய வேலை மட்டும் அல்ல. அடைத்துக்கொண்ட ஏர் பில்டர், காற்று குறைந்த டயர், பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக், தேய்ந்த கார்ப்பரேட்டர் ஊசி என்று காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

ரப்பருக்குத்தான் ஆபத்து

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வருவதற்கு முன் வந்த சின்ன பைக்குகளில் பெரும்பாலானவை கார்ப்பரேட்டர் வண்டிகள். இவற்றில் பெட்ரோல் குழாய், கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் ஓ-ரிங், கேஸ்கட் எல்லாம் பழைய ரப்பர். எத்தனால் பட்டு பட்டு இது உப்பும், பிறகு வெடிக்கும்.

சில பழைய வண்டிகளில் 20 ஆயிரம் முதல் 30 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகமும் 2025 ஆகஸ்டில் கூறியது.

பெட்ரோல் ஆயிலைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். கார்ப்பரேட்டர் ஊசி சரியாக மூடாவிட்டால் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். சில வண்டிகளில் அது வெளியே சொட்டும். சிலதில் சத்தமில்லாமல் என்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் தண்ணி மாதிரி ஆகிவிடும். அப்புறம் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் தேய வேண்டியதுதான்.

ஆயில் குச்சியை எடுத்து பார்க்கும்போது அளவு குறையாமல், கூடியிருந்தால் சந்தோஷப்படாதீங்க. மோந்து பாருங்க. பெட்ரோல் வாசனை அடித்தால் உடனே கார்ப்பரேட்டரை சரி செய்து, ஆயிலையும் மாற்ற வேண்டும். பெட்ரோல் டேப் உள்ள வண்டி என்றால் ராத்திரி நிறுத்தும்போது டேப்பை மூடிவிட்டு படுங்க. பைசா செலவில்லாத வைத்தியம் இது.

காஸ்ட்லி பெட்ரோல் தேவையா?

பழைய 100 சி.சி. பைக்குகளில் கம்ப்ரஷன் சுமார் 9-க்கு 1 என்ற அளவில்தான் இருக்கும். சாதாரண பெட்ரோலே இதற்கு தாராளம். ஆக்டேன் அதிகமான பெட்ரோல் என்பது கம்ப்ரஷன் அதிகமுள்ள என்ஜினில் 'நாக்கிங்' சத்தம் வராமல் தடுப்பதற்கு. அதை அடித்தால் தேய்ந்த ரிங் வளராது, கிழிந்த சீல் ஒட்டிக்கொள்ளாது.

விலை அதிகம் என்பதால் அதில் எத்தனால் இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். 95 ஆக்டேன் பெட்ரோலிலும் எத்தனால் கலக்கப்படுகிறது. அந்த காசை ஆயிலுக்கு செலவழித்தால் வண்டிக்கு ஆயுசு கூடும்.

கலப்படம் வேறு விஷயம். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் அது முழுசாக எரியாது. கரி பிடிக்கும், மிச்சம் ஆயிலோடு சேரும். சந்தேகம் வந்தால் பங்க்கில் பில்டர் பேப்பர் கேட்டு வாங்கி ஒரு சொட்டு விட்டு பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. சுத்தமான பெட்ரோல் இரண்டு நிமிஷத்தில் கறை இல்லாமல் காய்ந்துவிடும்.

புகையின் நிறத்தை பாருங்க

ஆயில் எங்கே போகிறது என்று புகையே சொல்லிவிடும்.

* கறுப்பு புகை: ஆயில் அல்ல. பெட்ரோல் அதிகமாக போகிறது. ஏர் பில்டரையும் கார்ப்பரேட்டரையும் பார்க்க வேண்டும்.

* காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் மட்டும் நீல புகை: வால்வு ஆயில் சீல் போயிருக்கும். ராத்திரி முழுக்க ஆயில் கசிந்து இறங்கி, காலையில் எரிகிறது. ஹெட்டை கழற்றி சீல் மாற்றினால் போதும். சின்ன செலவு.

* ஆக்சிலேட்டரை முறுக்கும்போதும், பாலம் ஏறும்போதும் விடாமல் நீல புகை: பிஸ்டன் ரிங் அல்லது போர் தேய்ந்துவிட்டது.

* குளிர்ந்த காலையில் லேசாக வெள்ளை புகை: வெறும் நீராவி. சூடானதும் நின்றுவிட்டால் கவலை வேண்டாம்.

ரிங்கா, வால்வா என்று சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் டெஸ்ட் செய்ய சொல்லுங்க. பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடியும் பார்க்கும்போது கம்ப்ரஷன் ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு பக்கம் கோளாறு. இந்த டெஸ்ட் பார்க்காமல் என்ஜினை பிரிக்க விடாதீங்க.

எவ்வளவு குடிக்குது? நீங்களே அளந்து பாருங்க

100 சி.சி. பைக்கில் மொத்த ஆயிலே ஒரு லிட்டர்தான், சிலதில் 900 மில்லி. அதில் 300 மில்லி போனால் மூன்றில் ஒரு பங்கு காலி என்று அர்த்தம். கார் மாதிரி எச்சரிக்கை விளக்கு இந்த பைக்குகளில் பெரும்பாலும் கிடையாது. நாமதான் பார்க்கணும்.

வண்டியை சமமான தரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்க. மூன்று நிமிஷம் ஓடவிட்டு ஆப் செய்யுங்க. இரண்டு, மூன்று நிமிஷம் கழித்து குச்சியை எடுத்து துடைத்து, மறுபடி வைத்து எடுங்க. பல பைக்குகளில் குச்சியை மரை திருகாமல் சும்மா வைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்க வண்டிக்கு எப்படி என்று கம்பெனி புத்தகத்தில் இருக்கும்.

மேல் கோடு வரை ஆயில் ஊற்றி, கிலோ மீட்டரை குறித்து வையுங்க. 500 கிலோ மீட்டர் ஓடிய பிறகு, அளவு பாட்டிலில் ஊற்றி மறுபடியும் மேல் கோட்டுக்கு கொண்டு வாங்க. எவ்வளவு ஊற்றினீர்களோ அதுதான் வண்டி குடித்தது.

50 மில்லிக்குள் என்றால் பழைய வண்டிக்கு அது சகஜம். வாரம் ஒரு முறை பார்த்து ஊற்றிக்கொண்டு ஓட்டலாம். 200, 300 மில்லி என்றால் என்ஜின் வேலையை தள்ளிப்போடக்கூடாது. புகை இல்லாமல் ஆயில் குறைந்தால் என்ஜினுக்கு அடியில் பாருங்க. கேஸ்கட், டிரைன் போல்ட் பக்கம் ஒழுகலாம்.

எந்த ஆயில் ஊற்றுவது?

கம்பெனி சொன்ன கிரேடுதான் சரி. புகையை குறைக்க கெட்டியான ஆயில் ஊற்றுவது சில மாதம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது வைத்தியம் அல்ல.

கார் ஆயில், டீசல் வண்டி ஆயில் மலிவாக கிடைக்கிறதே என்று பைக்கில் ஊற்றக்கூடாது. பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. தப்பான ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க. லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். காலி டப்பாவை அப்படியே தூக்கிப்போடாமல் கிழித்து போட்டால், அதில் போலி ஆயில் அடைத்து விற்கவும் வழி இருக்காது.

பழைய டூ-ஸ்ட்ரோக் மொபட் கதை வேறு. அதில் ஆயில் எரிவதுதான் முறையே. பொதுவாக லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில். "கூட ஊத்தினா என்ஜினுக்கு நல்லது" என்று அள்ளி ஊற்றினால் சைலன்சர் அடைக்கும், பிளக் கறுக்கும். குறைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கேஸ் ஆட்டோக்காரர்கள் கவனிக்க

எல்.பி.ஜி., சி.என்.ஜி.யில் ஓடும் ஆட்டோவில் ஆயில் சீக்கிரம் கறுக்காது. "ஆயில் இன்னும் பொன்னு மாதிரி இருக்கு" என்று மாற்றாமலே ஓட்டுவது தப்பு. நிறம் மாறாவிட்டாலும் சத்து போய்விடும். கிலோ மீட்டர் கணக்குப்படி மாற்றியே ஆக வேண்டும். கேஸ் வறண்ட எரிபொருள் என்பதால் வால்வு சீட் தேய்மானமும் அதிகம். வால்வு கிளியரன்ஸ் பார்ப்பதை தவறவிடக்கூடாது.

மழைக்காலத்தில் உஷார்

எத்தனால் தண்ணீரை இழுக்கும். டேங்க்கில் தண்ணீர் கொஞ்சம் அதிகமாக சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய மாதிரி வண்டி தண்ணீரில் நின்றால் கிக்கரை உதைக்காதீங்க. டேங்க், கார்ப்பரேட்டர், என்ஜின் ஆயில் மூன்றையும் வடித்துவிட்டு பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

புகைக்கு அபராதம்

நீல புகையோடு ஓட்டினால் புகை சான்றிதழ் கிடைக்காது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன சட்டப்படி அளவுக்கு மீறி புகை விட்டால் 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 15 வருஷம் முடிந்த டூவீலரின் ஆர்.சி.யை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போதும் வண்டி நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

போர் அடிப்பதாக இருந்தால் லேத்தில் சிலிண்டரை அளந்து பார்த்து, 0.25 அல்லது 0.50 மில்லி மீட்டர் பெரிய பிஸ்டன் போடுவார்கள். தேய்ந்த போருக்கு வெறும் ரிங் மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் மறுபடியும் புகையும். பழைய ரிங், பிஸ்டனை கையில் கேட்டு வாங்கி பாருங்க.

வாரம் ஒரு நாள், பெட்ரோல் அடிக்க போவதற்கு முன்னால் ஆயில் குச்சியை எடுத்து பார்த்துவிடுங்க. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஆயில் இருக்கும் வரை பழைய வண்டி பிழைப்பை கெடுக்காது.