படகு எஞ்சின் திக்குகிறதா?

நடுக்கடலில் எஞ்சின் நின்றால் படகு நீரோட்டத்தோடு போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. அதனால் கரையிலேயே கவனியுங்கள்.

எஞ்சின் திக்கித் திக்கி ஓடுகிறதா? உடனே அதைப் பிரிக்காதீர்கள். முதலில் எண்ணெய் வரும் வழியைப் பாருங்கள்.

டேங்க் மூடியில் காற்றுத் திருகு உண்டு. அதைத் திறந்தீர்களா? உள்ளே காற்று போனால்தான் எண்ணெய் வெளியே வரும்.

குழாயில் உள்ள ரப்பர் உருண்டையை அமுக்குங்கள். அமுக்க அமுக்க அது கெட்டியாக வேண்டும். ஆகவில்லையா? குழாயில் ஓட்டை இருக்கலாம்.

கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வையுங்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் தண்ணீரைவிட லேசானவை. தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தங்கும். அந்த எண்ணெய் ஆகாது. டேங்கைச் சுத்தம் செய்யுங்கள். வடிகட்டியில் உள்ள அழுக்கையும் எடுங்கள்.

இந்த வேலை நடக்கும்போது பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம்.