தாளின் அடியைப் பாருங்கள்

தேர்தல் வந்துவிட்டால் தேநீர்க் கடைச் சுவர், பஸ் நிறுத்தம், லயத்து வேலி எல்லாவற்றிலும் ஒரே இரவில் சுவரொட்டிகள் முளைத்துவிடும். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று நம் மக்கள் படிக்கிறார்கள். யார் அச்சடித்தது என்று பார்ப்பவர் சிலரே. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

தேர்தல் பற்றிய சுவரொட்டியானாலும் துண்டுத்தாளானாலும் அச்சடித்தவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் அதிலேயே இருக்க வேண்டும் என்கிறது 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம். இல்லாவிட்டால் அச்சடித்தவர் மட்டுமல்ல, விநியோகிப்பவரும் ஒட்டுபவரும் குற்றவாளிகளே.

நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். "தம்பி, இந்தக் கட்டை ஒட்டிடு, செலவுக்குக் காசு தர்றேன்" என்று யாராவது நீட்டினால், பசை வாளியைத் தூக்குமுன் தாளின் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். பேர் இல்லையா? "பேர் போட்டுக் கொண்டாங்கண்ணே, அப்புறம் ஒட்டுறோம்" என்று சொல்லிவிடட்டும்.

பெயரில்லாத தாளில் எந்தப் பொய்யையும் எழுதலாம். தேர்தல் முடிந்ததும் எழுதியவன் போய்விடுவான். பக்கத்து வீட்டோடு பேச்சில்லாமல் கிடக்கப் போவது நாம்தான்.

வேட்பாளருக்கும் வரம்பு உண்டு. சட்டமன்றத் தொகுதிக்கு 1 லட்சம் வெள்ளி, நாடாளுமன்றத் தொகுதிக்கு 2 லட்சம் வெள்ளி. அதற்கு மேல் செலவழிக்கக் கூடாது. சட்டமன்ற வேட்பாளர் பிரச்சாரப் பொருள்களுக்காக 3,000 வெள்ளி முன்பணம் கட்ட வேண்டும். தேர்தலுக்குப் பின் 14 நாட்களுக்குள் கொடிகளையும் சுவரொட்டிகளையும் அகற்றினால்தான் அந்தப் பணம் திரும்பும்.

"அரிசி மூட்டைதானே, வாங்கினா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டுக்காகக் கொடுப்பது லஞ்சம். ஓட்டுக்காக வாங்குவதும் லஞ்சமே. 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.

2021 நவம்பர் 20ஆம் தேதி மலாக்காவில் 28 சட்டமன்றத் தொகுதிகளுக்குத் தேர்தல் நடந்தது. கோவிட் தொற்றுக் காரணமாகக் கூட்டம் போட்டுப் பேசத் தடை. அலோர்காஜாவிலிருந்து ஜாசின் வரை பிரச்சாரத்தில் பெரும்பகுதி கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. அடிக்கடி கைமாறி வரும் செய்தியில் அச்சகத்தின் பெயர் ஏது, முகவரி ஏது? அச்சுத்தாள் காலத்தில் பிறந்த அந்த விதியை இங்கே நாமே நமக்கு வைத்துக்கொள்ள வேண்டும். யார் சொன்னது என்று தெரியாத செய்தியை அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள்.

பெயர் போடத் துணியாதவனின் பேச்சை நம்பி நம் ஓட்டைப் போடலாமா? தோட்டத்தில் இருந்தாலும் தாமானுக்குக் குடிபோயிருந்தாலும் இதைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லுங்கள்.