எர்த் வயரைக் கழற்றினால் ட்ரிப் விழாதுதான்

பருத்தித்துறையில் கடலுக்குக் கிட்டக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஒரே மூச்சில் இறைத்தால் தண்ணீர் உவர்க்கத் தொடங்கும். அடியில் சுண்ணாம்புக்கல், அதன் பொந்துகளில் மழைநீர் கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. மேலதை அவசரமாக இழுத்தால் கீழுள்ள உப்புநீர் ஏறி வரும். அதனால் மோட்டரை மெதுவாக ஓட்ட உதவும் டிரைவ் என்ற பெட்டி இந்த ஊருக்கு நல்ல பொருத்தம். பனங்கட்டியோடு ஒரு பிளேன்ரீயை வைத்துக்கொண்டு, அதற்கு வயர் இழுக்கும் முறையைப் பார்ப்போம்.

நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் மின்சாரம். சாதாரண மோட்டரின் வேகம் அந்த 50இல் கட்டுண்டு கிடக்கிறது. டிரைவ் அந்த மின்சாரத்தை முதலில் பற்றரி தருவதைப் போன்ற நேரோட்டமாக மாற்றிக்கொள்ளும். அது ஏறத்தாழ 325 வோல்ட். பிறகு அதைச் செக்கனுக்குச் சில ஆயிரம் தடவை வெட்டி, நாம் கேட்கும் ஹேர்ட்ஸில் த்ரீ பேஸாக மோட்டருக்கு அனுப்பும். (வீடுகளில் உள்ள சிங்கிள் பேஸ் மோட்டர் பெரும்பாலும் இதற்குச் சரிவராது. த்ரீ பேஸ் மோட்டர் வேண்டும்.)

இந்த வெட்டுதான் நம் கதை. ஒவ்வொரு வெட்டிலும், காப்புறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கேபிளிலிருந்தும் மோட்டர்ச் சுருளிலிருந்தும் துளி மின்சாரம் இரும்பு உடலுக்குத் தாவும். போதாததற்கு, டிரைவுக்குள் இருக்கும் இரைச்சல் வடிகட்டியும் கொஞ்சத்தை வேண்டுமென்றே எர்த்துக்கு அனுப்புகிறது. பழுது ஏதும் இல்லாமலே எர்த் வயரில் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

எல்லோரும் தவறுவது இங்கேதான். எர்த் என்றால் ஆபத்து வந்தால் மட்டும் வேலை செய்யும் வயர் என்று நினைக்கிறோம். டிரைவ் பூட்டியதும், எர்த்துக்குக் கசியும் மின்சாரத்தைக் கண்டு இணைப்பை அறுக்கும் ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறது. யாரோ எர்த்தைக் கழற்றிப் பார்க்கிறார். ட்ரிப் விழவில்லை. “பாத்தியளே, எர்த்திலதான் பிழை!” என்று எல்லோருக்கும் சந்தோஷம். கூரைப் பீலியைக் கழற்றிவிட்டு மழை நின்றுவிட்டது என்பதுபோல. தண்ணீர் இப்போது சுவரில் வழிகிறது, அவ்வளவுதான். எர்த் கழற்றிய டிரைவின் உலோக உடலில் மீட்டரை வைத்தால் 100 வோல்ட்டுக்கு மேல்கூடக் காட்டலாம். தொட்டால் கை விறைக்கும், அது சின்ன விஷயம். என்றாவது சுருளின் காப்புறை உண்மையாகவே வெந்துபோனால், கிணற்றடியில் ஈரக்காலோடு நிற்பவரே எர்த் வயராகிவிடுவார்.

நம் ஊர்ப் பாறை இன்னொரு சங்கடம். இலங்கை வீடுகளுக்கு எர்த் கம்பி அவரவர் வளவில்தான். சுண்ணாம்புக்கல்லில் கம்பி ஆழமாக இறங்காது. ஆடி ஆவணியில் மேல்மண் காய்ந்து கிடக்கும். தடை 50 ஓம் என்று வைப்போம். 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டாது. உயிரைக் காப்பது ட்ரிப் சுவிச். அதற்குச் செய்தி சொல்வது எர்த். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

அப்படியென்றால் ட்ரிப் விழுவதை என்ன செய்வது? டிரைவுக்கென்று தனி ட்ரிப் சுவிச் வைக்க வேண்டும். பிரிட்ஜோடும் மின்விசிறியோடும் சேர்க்கக்கூடாது. கடைக்காரர் “எல்லாம் ஒண்டுதான்” என்பார். நம்பாமல் சுவிச்சின் முகத்திலுள்ள சின்னப் படத்தைப் பாருங்கள். ஒற்றை அலை மட்டும் இருந்தால் அது ஏசி வகை, டிரைவுக்கு உதவாது. சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் ஓடும் டிரைவுக்குக் குறைந்தது ஏ வகை வேண்டும். த்ரீ பேஸ் மின்சாரத்தில் ஓடும் டிரைவுக்கு, நேர்கோடும் சேர்த்து வரைந்த பி வகை. பழுதாகும்போது அந்த டிரைவிலிருந்து சீரான நேரோட்டம் கசியலாம், அது மற்ற வகைகளின் கண்ணைக் கட்டிவிடும். பி வகை விலை கூடியதுதான். ஆனால் பேரம் பேசுகிற இடம் இதுவல்ல.

மோட்டரின் எர்த், மோட்டர் கேபிளோடு சேர்ந்தே டிரைவின் எர்த் முனைக்குத் திரும்ப வேண்டும். கிணற்றடியில் தனியாக ஒரு கம்பி அடித்துவிட்டால் போதும் என்பது வீண் நினைப்பு. தாவிய மின்சாரம் வந்த இடத்துக்கே போகப் பார்க்கும், பாறைக்குள் வழி தேடித் திணறும். கேபிள் கட்டையாகவும் உலோகப் பின்னல் போர்த்தியதாகவும் இருக்கட்டும். அந்தப் பின்னலை இரு முனையிலும் கிளிப் போட்டு முழுச்சுற்றாக இறுக்க வேண்டும். கசிவு 3.5 மில்லி அம்பியரைத் தாண்டும் டிரைவுக்கு, குறைந்தது 10 சதுர மில்லிமீற்றர் செம்பு எர்த்தோ இரண்டாவது எர்த் வயரோ வேண்டுமென்று சர்வதேசத் தரம் கேட்கிறது. ஒன்று கழன்றாலும் மற்றது இருக்கும். இதையெல்லாம் செய்வது தேர்ந்த எலெக்ட்ரீசியனின் வேலை. சரியாகச் செய்தாரா என்று கேட்பது நம் வேலை.

மெயின் சுவிச்சை அணைத்ததும் மூடியைத் திறக்க ஓடாதீர்கள். உள்ளே கொள்ளளவிகளில் அந்த 325 வோல்ட் தங்கியிருக்கும். எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டுமென்று மூடியிலேயே எழுதியிருக்கும். அவ்வளவு நேரமும் பொறுத்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.