புள்ளியியல் படிக்க எவ்வளவு கணக்கு வேண்டும்?

எம்.எஸ்ஸி. புள்ளியியல் படிக்கப் போறேன்னு சொன்னால் நம்ம செட்டிலேயே சிரிக்கிறார்கள். "மெக்கானிக்கல் டிப்ளமோவுக்கு அது எட்டுமா?" என்கிறார்கள். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். கேட்டுத் தெரிந்துகொள்ள அண்ணன், அக்கா யாரும் இல்லை. நூலகத்தில் உட்கார்ந்து நானே தேடித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

டிப்ளமோவிலிருந்து நேரே எம்.எஸ்ஸி. போக முடியாது. நடுவே ஒரு பட்டம் வேண்டும். பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை முடித்தவர்கள், மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட். நுழைவுத் தேர்வையும் எழுதலாம். பி.இ. மூன்று, அது இரண்டு. ஆக ஐந்து வருஷம். அடுத்த வருஷமே நான் வேலைக்குப் போய்விடுவேன் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த மலரைக் காட்டித்தான் அவரிடம் பேச்சை எடுக்க வேண்டும்!

இனி கணக்குக்கு வருவோம். ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஷாஃப்டை மூன்று பேர் வெர்னியரில் அளக்கிறோம்: 25.04, 25.06, 25.14 மி.மீ. இருபத்தைந்துக்கு மேலே உள்ளதை மட்டும் நூறில் பங்காக எடுத்தால் 4, 6, 14. சராசரி 8. விலகல்கள் -4, -2, 6. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 56. எட்டுக்குப் பதில் 7 அல்லது 9 வைத்துப் பாருங்கள், 59 வரும். மிகக் குறைந்த கூட்டுத்தொகை சராசரியில்தான் கிடைக்கும். வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்தினால் இது வந்துவிடும். முதல் வருஷம் போட்ட பெருமம், சிறுமம் கணக்குதானே!

மாறுபாட்டெண் காண 56-ஐ மூன்றால் வகுக்காமல் இரண்டால் வகுக்கிறார்கள். ஏன்? விலகல்களைக் கூட்டினால் எப்போதும் பூஜ்யம். இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும். சுதந்திரமாக நிற்பவை இரண்டுதான். மூன்று அளவுகளை முப்பரிமாணத்தில் ஒரு வெக்டராக நினைத்தால், விலகல்கள் எப்போதும் ஒரு தளத்துக்குள்ளேயே கிடக்கும். தளத்துக்குப் பரிமாணம் இரண்டு. நமக்கு இடிக்கிற இடம் இங்கேதான். அணியில் டிடர்மினன்ட், இன்வர்ஸ் போடுவோம். ஆனால் வெக்டர் வெளி, ஐகன் மதிப்பு எல்லாம் எம்.ஸ்டாட்.டுக்கு அவசியம்.

மற்றபடி எல்லை, தொடர், இரட்டைத் தொகையீடு, நிகழ்தகவு. அதோடு சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் மட்டும் போதாது, நிரூபிக்கவும் வேண்டும். நாம் பிளஸ் டூ படிக்காததால், அந்த இரண்டு வருஷக் கணக்குப் புத்தகங்களைத்தான் முதலில் முடிக்கணும். தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறகுதான் குப்தா, கபூர் எழுதிய தடிப்புத்தகம். அதை முதலிலேயே எடுத்தால் தூக்கம்தான் வரும்.

ஒரு கணக்கு தருகிறேன். புள்ளிகளுக்கு ஒரு நேர்கோடு பொருத்தினால், எண்ணிக்கையில் ஒன்றுக்குப் பதில் இரண்டைக் கழித்து வகுக்கிறார்கள். ஏன் என்று மேலே சொன்ன மாதிரியே யோசித்துப் பாருங்கள். விடை வந்தவர்கள் மதிய இடைவேளையில் நூலகத்துக்கு வாருங்கள், அங்கேதான் இருப்பேன்.